கவசத்தைக் கழற்றிய நாயகர்கள்

அவையோருக்கு வணக்கம்.

கர்ணன் வென்ற போர்களை வரிசையாகச் சொல்லுங்கள் என்றால் நம்மில் பலர் திணறுவோம். ஆனால் இந்திரன் வந்து யாசித்ததும் உடம்போடு ஒட்டிப் பிறந்த கவசத்தையும் குண்டலத்தையும் அறுத்துக் கொடுத்தானே, அந்தக் காட்சியை யாரும் மறப்பதில்லை. அண்மையில் வெளிவந்த சூப்பர் ஹீரோ காமிக்ஸ் இதழ்களைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்ப அந்தக் காட்சிதான் மனத்தில் வருகிறது. இவற்றை எழுதுபவர்களும் வரைபவர்களும் நாயகர்களின் கவசத்தைப் பறித்துக்கொண்டு, இப்போது நீ யார் என்று கேட்கிறார்கள்.

அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பகமான டிசி, தன் பழைய நாயகர்களின் கதைகளைப் புதிதாகச் சொல்ல 2024 அக்டோபரில் தொடங்கிய ‘அப்சொலூட்’ வரிசையைப் பாருங்கள். பேட்மேனுக்கு 1939 முதல் என்ன கவசம்? பணம். மாளிகை, குகை, விதவிதமான ஊர்திகள், பக்கத்தில் ஒரு பணியாளர். ஸ்காட் ஸ்னைடரும் ஓவியர் நிக் டிரகோட்டாவும் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். பேட்மேனின் முகமூடிக்குள் இருக்கும் புரூஸ் வேய்ன் இங்கே நகரத்தின் கட்டுமானப் பணிகளில் உழைக்கும் பொறியாளன். அப்பா பள்ளி ஆசிரியர். அம்மா உயிரோடு இருக்கிறார். ஆல்ஃபிரட் பணியாளராக வரவில்லை. அவனைக் கண்காணிக்க வந்த உளவாளியாக வருகிறார். பணமில்லாதவன் எதை ஆயுதமாக்குவான்? தன் உடம்பையே ஆக்குகிறான். டிரகோட்டா அவனைக் கட்டங்களுக்குள் அடங்காத பருமனில் வரைகிறார். மார்பில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அதுவே கோடரி. முதல் இதழில் அந்தப் பக்கத்தைப் புரட்டியபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ‘பேன்’ (Bane) என்ற வில்லன் வரும் அத்தியாயத்தில் வதை அளவு மீறிப் போகிறது. புரூஸின் பால்ய நண்பர்களாக வேய்லன் ஜோன்ஸையும் ஆஸ்வால்டையும் ஹார்வியையும் எட்வர்டையும் கொண்டுவந்தது அருமையான யோசனை. நாம் வில்லன்களாகவே அறிந்தவர்கள் இங்கே சீட்டாடிச் சிரிக்கும் சேக்காளிகள். அவர்கள்மேல் நமக்குப் பாசம் ஊறிய பிறகு அந்தப் பாசத்தின்மேல் இப்படிக் கத்தி வைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குமேல் வலி மரத்துப் போகிறது. ஸ்னைடர் இன்னும் கொஞ்சம் கையை அடக்கியிருக்கலாம்.

எனக்கு இந்த வரிசையில் மிகப் பிடித்தது ‘அப்சொலூட் வொண்டர் வுமன்’. கெல்லி தாம்ப்சன் எழுதி, ஹேடன் ஷெர்மன் வரைகிறார். 2025இல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் விருது, காமிக்ஸ் உலகின் பெரிய விருது, இதற்குக் கிடைத்தது, தகுதியான விருது. வொண்டர் வுமனின் இயற்பெயர் டயானா. அவளுக்கு இங்கே தாய்த்தீவு இல்லை, உடன்பிறப்பாக வளர அவள் இனமான அமேசான் வீரப்பெண்கள் இல்லை. கைக்குழந்தையாக அவளை நரகத்தில் கொண்டுவந்து போடுகிறார்கள். சிர்சி என்ற சூனியக்காரியின் கையில் ஒப்படைக்கிறார்கள். ‘அமேசான்’ என்ற சொல்லையே யாரும் உச்சரிக்க முடியாதபடி தெய்வங்கள் தடுத்துவைத்திருக்கின்றன. தன் இனத்தின் பெயர்கூடத் தெரியாமல் ஒரு பெண் வளர்கிறாள்.

இப்படி வளர்ந்தவள் கொடூரமானவளாகத்தானே வருவாள் என்று நினைத்துத்தான் நான் படிக்கத் தொடங்கினேன். வெளியே பார்த்தால் அப்படித்தான் இருக்கிறாள்: எலும்புக்கூடான பறக்கும் குதிரை, தன் உயரத்துக்கு ஒரு வாள். உள்ளே இருப்பவளோ நாம் அறிந்த டயானாவைவிடக் கனிவானவள். வேண்டாத சுமையாக அவளை ஏற்ற சிர்சியே மெல்ல மெல்ல அம்மாவாகிவிடுகிறாள். பிறகு ஸ்டீவ் டிரெவர் என்ற மனிதன் நரகத்தில் வந்து ஒதுங்குகிறான். அவனைப் பூமிக்குத் திருப்பி அனுப்ப டயானா கொடுக்கும் விலை அவளுடைய ஒரு கை. கர்ணனைப் பற்றிப் பேசித் தொடங்கியதற்கு இந்தக் காட்சிதான் காரணம். கொடுத்த பிறகு அவள் அதைப் பெரிய தியாகம் என்று பேசுவதே இல்லை. கேட்டார்கள், இருந்தது, கொடுத்தாள்.

ஷெர்மனின் பக்க அமைப்பைத் தனியாகப் பேச வேண்டும். வரிசையான சதுரக் கட்டங்களை அவர் நம்பியிருப்பதில்லை. கட்டங்கள் சாய்ந்தும் வளைந்தும் ஒரு பழைய கோயில் சுவரின் சிற்பப் பட்டைபோலப் பக்கம் முழுவதும் ஓடும். நம் கண் எங்கே போக வேண்டுமோ அங்கே தானாகப் போகும். அந்தப் பக்கங்களுக்கு ஜோர்டி பெல்லேர் பூசும் சிவப்பும், பேச்சுக் குமிழ்களை எழுதும் பெக்கா கேரியின் கையும் சேர்ந்துதான் அந்த நரகம் உருவாகிறது. காமிக்ஸைப் பற்றிப் பேசும்போது வண்ணம் பூசுபவரையும் எழுத்துப் பொறிப்பவரையும் நாம் பெயர் சொல்லாமலே கடந்துவிடுகிறோம். இது எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம்.

அந்த வரிசையின் சூப்பர்மேனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிரிப்டன் கிரகத்தின் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளை என்ற கற்பனை நன்றாக இருக்கிறது. கதைதான் பல இடங்களில் மேடைப் பேச்சாகிவிடுகிறது. அதே வரிசையின் ‘மார்ஷியன் மேன்ஹன்டரை’த் தவறவிடாதீர்கள். டெனிஸ் கேம்ப் எழுத, ஹவியர் ரோட்ரிகெஸ் பிறர் மனத்தின் எண்ணங்களை வண்ணப் புகையாக வரைகிறார். காமிக்ஸ் தவிர வேறு எந்த வடிவத்திலும் சொல்ல முடியாத கதை அது.

டிசியின் போட்டி நிறுவனமான மார்வெல் பக்கம் வருகிறேன். ஜொனாதன் ஹிக்மன் எழுதி மார்கோ கெக்கெட்டோ வரைந்த ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ 2024 ஜனவரியில் தொடங்கியது; 24ஆம் இதழோடு முடித்துக்கொண்டார்கள். 1962இல் உருவான ஸ்பைடர்மேன், அதாவது பீட்டர் பார்க்கரின் கதை நம் எல்லோருக்கும் மனப்பாடம். தற்செயலாக ஒரு சிலந்தி கடிக்கிறது. அவனுடைய அலட்சியத்தால் பென் பெரியப்பா இறக்கிறார். அந்தக் குற்ற உணர்வு அவனை நாயகனாக்குகிறது. ஹிக்மன் இரண்டையும் நீக்கிவிட்டார். அந்தச் சிலந்தியைப் பீட்டரின் இளமையிலேயே ஒருவன் திருடிக்கொண்டான். பென் உயிரோடு இருக்கிறார். பீட்டருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மேரி ஜேனோடு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், நல்ல குடும்பம். அப்போது டோனி ஸ்டார்க் என்ற இன்னொரு நாயகனிடமிருந்து ஒரு சிலந்தி வந்து சேர்கிறது. ஏற்பதும் மறுப்பதும் அவன் விருப்பம்.

இழப்பதற்கு நிறைய இருப்பவன், எந்தக் குற்ற உணர்வும் துரத்தாதவன், தானாகக் கையை நீட்டுகிறான். பதினைந்து வயதுப் பையனின் கதையைவிட இது எனக்குக் கனமாகப் பட்டது. நான்காம் இதழின் பெரும்பகுதியில் பீட்டரும் மேரி ஜேனும் ஹாரியும் க்வெனும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து உணவருந்திப் பேசுகிறார்கள். ஒரு சூப்பர் ஹீரோ இதழில் சண்டையை ஒதுக்கிவிட்டு நாலு பேர் பேசுவதை வரையத் துணிந்தார்களே, அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். ஒவ்வொரு இதழுக்கும் கதைக்குள்ளேயும் ஒரு மாதம் கழிகிறது; படிக்கிற நமக்கும் பீட்டருக்கும் சேர்ந்தே வயதாகிறது. பின்பாதியில் வேகம் குறைந்தது உண்மைதான். ஒரு மாதம் காத்திருந்து இருபது சொச்சம் பக்கங்களைப் பிரித்தால் கதை ஓரடிகூட நகராத இதழ்கள் இருந்தன. காத்திருக்கும் வாசகருக்கு அது நியாயமில்லை.

இதே வருத்தம் எனக்குப் பல நாயகர்களை ஒன்றாகக் கொண்டுவரும் பெருநிகழ்வுக் கதைகளின் மேலும் உண்டு. ஒரே கதையைப் பத்துத் தொடர்களில் சிதறவிடுவதும், ஓர் இதழுக்குப் பல அட்டைகள் போட்டு ஒருவரையே மீண்டும் மீண்டும் வாங்க வைப்பதும் வாசிப்பை வளர்க்காது. 2025இல் மார்வெலின் டெட்பூலும் டிசியின் பேட்மேனும் சந்தித்தார்கள். 2003இல் தொடங்கிய ஜஸ்டிஸ் லீக், அவெஞ்சர்ஸ் கூட்டுக்கதைக்குப் பிறகு இரண்டு நிறுவனங்களும் கைகோத்தது அப்போதுதான். மகிழ்ச்சியாகப் படித்தேன்; ஆனால் யாரும் எதையும் இழக்காத கதை என்பதால் மறுநாளே மறந்தும் போனேன்.

சாகசக் கதைகளில் ஒன்றைச் சொல்லாமல் இறங்கினால் என் மனம் ஆறாது. 2023 அக்டோபரில் டேனியல் வாரன் ஜான்சன் தொடங்கிய ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’. பொம்மை விற்கப் பிறந்த கதைதானே என்று ஒதுக்கிவைத்திருந்தேன்; அது என் தவறு. எந்திரங்கள் அடிபடும்போது அவர் தூரிகையின் கோட்டில் எலும்பு முறியும் வலி தெரிகிறது. நல்ல எந்திரங்களின் தலைவனான ஆப்டிமஸ் பிரைம் ஒரு கையை இழக்கிறான். அந்த இடத்தில் பொருத்திக்கொள்ளக் கிடைப்பது அவன் பரம எதிரியான மெகாட்ரானின் கை. காக்க நினைப்பவன் அழித்துப் பழகிய கையோடு நடமாட வேண்டியிருக்கிறது. முன்பு சொன்ன தொடரில் டயானாவும் ஒரு கையைக் கொடுத்தவள்தான். யாரும் யாரையும் பார்த்து எழுதியதாக நான் நினைக்கவில்லை. நம் காலத்துக் கதைசொல்லிகளுக்கு இந்த ஊனத்தின்மேல் ஏதோ ஓர் அக்கறை பிறந்திருக்கிறது.

இவற்றில் எதையும் இதுவரை தொடாதவர்கள் டயானாவின் முதல் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு வேண்டுகோள்: முதல் முறை குமிழ்களைப் படிக்காதீர்கள். படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு கடைசிவரை புரட்டுங்கள். சிர்சியின் முகம் எந்தப் பக்கத்தில் அம்மாவின் முகமாக மாறுகிறது என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். பிறகு வந்து என்னிடம் சொல்லுங்கள். நான் குறித்துவைத்திருக்கும் பக்கமும் அதுதானா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

நன்றி, வணக்கம்.