கடை பிரித்ததை வானொலி சேர்த்தது

(மாதாந்திர இசைக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பேச ஆரம்பிக்கும் முன்பு ஒரு பாட்டைப் போட்டேன். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அறை அப்படியே அடங்கிப்போனது. அந்தப் பாட்டில் வார்த்தையே கிடையாது, கவனித்திருப்பீர்கள். தந்திமேல் வழுக்கிக்கொண்டு போகிற கிட்டார், அதன் பின்னாலேயே போகிற ஒரு மனிதரின் முனகல், அவ்வளவுதான். பாடியவர் பிளைண்ட் வில்லி ஜான்சன். டெக்சாஸ் தெருமுனைகளில் பாடிப் பிழைத்த, கண்பார்வை இல்லாத மனிதர். 1927 டிசம்பரில் டல்லஸ் நகரில் இதைப் பதிவு செய்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1977-ல், வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் இந்தப் பாட்டும் போனது. இப்போது அது சூரியக் காற்று எட்டுகிற எல்லையையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த சிலரிடம் இது என்ன வகை இசை என்று கேட்டேன். ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டு, என்றார்கள். காது அப்படித்தான் சொல்லும். ஆனால் ஜான்சன் பதிவு செய்த முப்பது பாட்டுகளும் பக்திப் பாட்டுகள். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு, கெத்செமனே தோட்டத்தில், கிறிஸ்து குளிர்ந்த தரையில் விழுந்து ஜெபித்ததைப் பற்றிய பழைய கீர்த்தனை ஒன்று உண்டு. அதிலிருந்துதான் இந்த முனகல் வந்தது. கடையில் இந்தத் தட்டு காஸ்பல் அலமாரியில் இருக்கும்; காஸ்பல் என்றால் கறுப்பின கிறிஸ்தவ சபைகளின் பக்திப் பாட்டு. ப்ளூஸ் கேட்க வருகிறவர் அந்தப் பக்கமே திரும்பமாட்டார். நஷ்டம் அவருக்குத்தான். இன்றைக்கு நான் பேச வந்தது இந்த அலமாரிகளைப் பற்றி. கடைகளும் சபைகளும் தனித்தனியாகப் பிரித்து வைத்த பாட்டுகளை வானொலி எப்படி ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்தது என்பதைப் பற்றி.

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். 1920 ஆகஸ்டில் ஓக்கே என்ற நிறுவனம் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் ப்ளூஸ் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தது. அது விற்ற விற்பனையைப் பார்த்துத்தான், கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பது நிறுவனங்களுக்கு உறைத்தது. உடனே தனி வரிசை எண், தனி விளம்பரம். அந்த வரிசைக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத் தட்டுகள், என்று பெயர். 1949-ல் பில்போர்டு என்ற இசை வியாபாரப் பத்திரிகை அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று போட்டது. ஜெர்ரி வெக்ஸ்லர் என்ற இளம் நிருபர் சொன்ன பெயர் அது. நாம் ஓர் இசை வகையின் பெயராக நினைத்துக்கொண்டிருப்பது ஒரு விற்பனைப் பட்டியலின் தலைப்பாகத்தான் பிறந்தது.

இந்த வியாபாரத்தில் இருந்த பாரமவுண்ட் கம்பெனியின் கதை எனக்கு எப்போதும் ஆச்சரியம் தரும். அதை நடத்தியது விஸ்கான்சினில் இருந்த ஒரு நாற்காலிக் கம்பெனி. மரச் சாமான் செய்தவர்கள் கிராமபோன் பெட்டியும் செய்தார்கள்; பெட்டி விற்க வேண்டுமென்றால் தட்டு வேண்டும் என்று தட்டும் போட்டார்கள். மட்டமான கலவை, போட்ட அன்றைக்கே கொரகொர சத்தம். ஆனால் மிசிசிப்பி ப்ளூஸின் பெரிய குரல்கள் அங்கேதான் பதிவாயின. அவர்களில் ஒருவர் சார்லி பேட்டன். அவர் பாடிய ப்ளூஸ் தட்டில் அவர் பெயர் இருக்கும். அவரே பாடிய பக்திப் பாட்டில் 'எல்டர் ஜே. ஜே. ஹேட்லி' என்று அச்சடித்தார்கள். எல்டர் என்றால் சபை மூப்பர். அதே தொண்டை, அதே கிட்டார். லேபிளில் மட்டும் இரண்டு மனிதர்கள்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் வந்தவர் தாமஸ் டார்சி. 1920-களில் ஜார்ஜியா டாம் என்ற பெயரில் இரட்டை அர்த்தப் பாட்டுகள் பாடிப் பேர் வாங்கியவர். மா ரெய்னி என்ற பெரிய ப்ளூஸ் பாடகிக்குப் பியானோ வாசித்தவர். 1932-ல் அவர் வெளியூரில் இருந்த சமயம் மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் அவர் எழுதிய பாட்டு, 'என் கையைப் பிடித்துக்கொள், ஆண்டவரே' என்று கேட்கிற பாட்டு, இன்றைக்கும் கறுப்பின சபைகளில் சாவு வீட்டுப் பாட்டு. காஸ்பல் இசையின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் பல சபைகள் அவரை உள்ளே விடவில்லை. கள்ளுக்கடைச் சத்தத்தைக் கோயிலுக்குள் கொண்டுவருகிறார் என்று கோபம். அவர்கள் காதில் விழுந்தது சரிதான். அவர் பியானோவில் ப்ளூஸ் இருந்தது. அதைக் குற்றம் என்று நினைத்ததைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சரி, வானொலிக்கு வருவோம்.

ஆர்கன்சா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹெலினா என்று ஓர் ஊர். அங்கே கேஎஃப்எஃப்ஏ நிலையத்தில் 1941 நவம்பரில் 'கிங் பிஸ்கட் டைம்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. கிங் பிஸ்கட் என்பது ஒரு மாவின் பெயர். அந்தப் பக்கத்தில் பிஸ்கட் என்றால் டீயில் முக்குகிற பிஸ்கட் கிடையாது. வீட்டிலே சுடுகிற மெத்தென்ற சின்ன ரொட்டி. அந்த மாவை விற்க ஒரு மளிகை மொத்த வியாபாரி பணம் போட்டார். பாட, மவுத் ஆர்கன் வாசிக்க சன்னி பாய் வில்லியம்சன். கிட்டாருக்கு ராபர்ட் லாக்வுட். நண்பகல் பன்னிரண்டே கால் மணி. அந்த நேரம் ஏன் தெரியுமா? பருத்திக்காட்டில் வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டுக்கு வீடு வருகிற நேரம் அது.

சன்னி பாய் முதல் தட்டு பதிவு செய்தது 1951-ல். அதாவது, பத்து வருஷம் ஒரு தட்டுகூட இல்லாமல், அந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்த பாடகர் அவர். அவர் படம் போட்ட மக்காச்சோள மாவுப் பைகூட விற்பனைக்கு வந்தது. அந்த மதிய நேரடி ஒலிபரப்புகளில் பெரும்பாலானவை காற்றோடு போய்விட்டன. 1951 முதல் அந்த நிகழ்ச்சியை நடத்தியவர் சன்னி பெய்ன். 2018-ல் அவர் இறக்கும்வரை 17,000-க்கும் மேற்பட்ட ஒலிபரப்புகள். 'பிஸ்கட்டை இந்தப் பக்கம் தள்ளுங்கள், கிங் பிஸ்கட் நேரம்!' என்றுதான் தினமும் தொடங்குவார். ஒரு மனிதர் ஒரே மைக்கின் முன்னால் அறுபது வருஷத்துக்கும் மேல் உட்கார்ந்து அடுத்தவர் பாட்டை அறிமுகப்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அது தவம்தான்.

அந்த மதிய நிகழ்ச்சியைக் கேட்டவர்களில் மிசிசிப்பியில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ரைலி கிங் என்ற இளைஞரும் ஒருவர். அவர் அப்போது காஸ்பல் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் தெருமுனையில் கிட்டாரோடு உட்காருவார். பக்திப் பாட்டு கேட்டவர்கள் முதுகில் தட்டி, நல்லா இருப்பே தம்பி என்று ஆசீர்வதித்துவிட்டுப் போவார்களாம். ப்ளூஸ் கேட்டவர்கள் காசு போடுவார்களாம். பிற்காலத்தில் பல பேட்டிகளில் அவரே சொன்னது இது. ஒரே ஆள், ஒரே மூலை, இரண்டு பாட்டும் அவரிடமே இருந்தன. பிரித்தது காசு.

அவர் மெம்பிஸ் நகரத்துக்குப் போய் டபிள்யூடிஐஏ நிலையத்தின் கதவைத் தட்டினார். பெப்டிகான் என்ற டானிக்குக்கு விளம்பரப் பாட்டுப் பாடும் வேலை கிடைத்தது. பிறகு அங்கேயே அறிவிப்பாளர் ஆனார். பீல் தெருவின் ப்ளூஸ் பாய் என்று கூப்பிட்டார்கள்; அது சுருங்கி பி. பி. ஆனது. ஆமாம், நமக்கெல்லாம் தெரிந்த பி. பி. கிங்தான்.

டபிள்யூடிஐஏ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1947-ல் இரண்டு வெள்ளையர்கள் தொடங்கிய நிலையம். வருமானமில்லாமல் மூடுகிற நிலைக்கு வந்தது. 1948 அக்டோபரில் நாட் டி. வில்லியம்ஸ் என்ற பள்ளி ஆசிரியரை மைக்கின் முன் உட்கார வைத்தார்கள். அமெரிக்கத் தென்பகுதியில், கறுப்பினத்தவர் பேருந்தின் பின்னால் உட்கார வேண்டியிருந்த காலத்தில், ஒரு கறுப்பின ஆசிரியரின் குரல் வீடு வீடாகப் போனது. அடுத்த ஆண்டுக்குள் நிகழ்ச்சிகள் எல்லாமே கறுப்பின நேயர்களுக்கானவை ஆயின. 1954-ல் 50,000 வாட் சக்தி. ஒரே அலைவரிசையில் காஸ்பல் குழுக்களுக்கும் நேரம் இருந்தது, ப்ளூஸுக்கும் நேரம் இருந்தது. சபைக்குப் போகிற பாட்டியும் சனி இரவு ஆட்டத்துக்குப் போகிற பேரனும் ஒரே பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார்கள். பாட்டி எழுந்து வந்து பெட்டியை நிறுத்துவதற்குள் ப்ளூஸ் பாட்டில் இரண்டு வரியாவது அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அதே சமயம் நாஷ்வில் நகரத்தில் டபிள்யூஎல்ஏசி. அதுவும் 50,000 வாட். நடுத்தர அலை இரவில் வெகுதூரம் போகும். பகலில் அந்த அலையை உறிஞ்சிக்கொள்கிற வான்மண்டல அடுக்கு இருட்டியதும் மறைந்துவிடும்; அப்போது அலை அதற்கும் மேலுள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டி இறங்கும். அப்படித்தான் அந்த நிலையம் கரீபியன் தீவுகள்வரை கேட்டது. ஜீன் நோபிள்ஸ், ஜான் ஆர் போன்ற அறிவிப்பாளர்கள் தபாலில் தட்டு விற்கும் கடைகளின் செலவில் இரவெல்லாம் ரிதம் அண்ட் ப்ளூஸ் போட்டார்கள். நடுநடுவே கோழிக்குஞ்சு விளம்பரமும் வரும், நூறு குஞ்சு தபாலில். ஜான் ஆரின் குரலைக் கேட்டவர்கள் பலர் அவரைக் கறுப்பினத்தவர் என்றே நினைத்தார்கள். அவர் வெள்ளையர். இருட்டில் கேட்கிற குரலுக்கு நிறம் தெரியாது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தலையணைக்கு அடியில் வானொலியை வைத்துக்கொண்டு அதைக் கேட்டார்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். 1954. பாடகர் ரே சார்ல்ஸும் அவர் குழுவில் எக்காளம் வாசித்த ரெனால்டு ரிச்சர்டும் இரவில் காரில் போய்க்கொண்டிருக்கிறார்கள். கார் வானொலியில் சதர்ன் டோன்ஸ் என்ற காஸ்பல் குழுவின் பாட்டு வருகிறது. இருவரும் கூடவே பாட ஆரம்பிக்கிறார்கள். இயேசு வருகிற இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பாடிப் பார்க்கிறார்கள். அந்தப் பாட்டை நவம்பரில் பதிவு செய்தார்கள். எங்கே? அட்லாண்டாவில், ஜார்ஜியா டெக் கல்லூரியின் வானொலி நிலையத்தில். வானொலியில் கேட்டு எடுத்தது, வானொலி நிலையத்திலேயே பதிவானது, வானொலி வழியாகவே ஊரெல்லாம் போனது. பக்தர்கள் பலர் கோபப்பட்டார்கள். பிற்பாடு சோல் என்று பேர் வாங்கிய இசை முளைவிட்டது இங்கேதான் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

இனி அழிந்துபோனதைப் பற்றி. அந்தக் காலத்துத் தட்டில் முக்கியமான சரக்கு அரக்கு. மரக்கிளையில் ஒரு சிறு பூச்சி கட்டுகிற பிசின். அது பெரும்பாலும் போனது இந்தியாவிலிருந்து, சோட்டா நாக்பூர் காடுகளிலிருந்து. பூச்சியரக்கைச் சுரண்டி எடுத்த ஆதிவாசிப் பெண்ணுக்கும் மிசிசிப்பியின் ப்ளூஸ் பாடகருக்கும் நடுவில் இப்படியொரு கண்ணுக்குத் தெரியாத நூல் இருந்திருக்கிறது. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. போர் வந்தது, கப்பல் வரத்துக் குறைந்தது. 1942-ல் அமெரிக்க அரசு அரக்குக்குக் கட்டுப்பாடு போட்டது. பழைய தட்டைக் கொடுங்கள், அரைத்துப் புதுசு செய்கிறோம் என்றார்கள். எத்தனை பாட்டு அந்த ஆலையில் அரைபட்டதோ! அதே ஆண்டு ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் பதிவுகளை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்தது. பாரமவுண்டை நடத்திய நாற்காலிக் கம்பெனியோ அதற்கு முன்பே தட்டுத் தொழிலை மூடியிருந்தது; மூல உலோக அச்சுகளில் பல பழைய இரும்புக்குப் போயின.

அதனால்தான் இன்று வானொலியில் பழைய ப்ளூஸ் கேட்கும்போது அடுப்பில் ஏதோ பொரிகிற மாதிரிச் சத்தம் கூடவே வருகிறது. சில பாட்டுக்கு உலகத்தில் மிஞ்சியிருப்பதே ஒன்றிரண்டு தட்டுகள். பல வீட்டு அடுக்கில் கிடந்து, பல ஊசி தேய்த்து வந்தவை. 1960-களில் கெயில் டீன் வார்ட்லோ போன்றவர்கள் மிசிசிப்பியில் வீடு வீடாகப் போய், பழைய தட்டு இருக்கிறதா அம்மா என்று கேட்டுச் சேர்த்தார்கள். அவர் பூச்சி மருந்து அடிக்கிற வேலையில் இருந்தவர். வீட்டுக்குள் போக அந்த வேலையே வழி. ப்ளூஸுக்கு இப்படிப் பைத்தியம் பிடித்த ஆட்கள் கிடைத்தார்கள். காஸ்பலுக்கு அவ்வளவு பேர் கிடைக்கவில்லை. 2005-ல் பேராசிரியர் ராபர்ட் டார்டன் இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் வேதனையோடு எழுதினார். படித்த ஒருவர் பணம் கொடுத்தார். டெக்சாசின் பேலர் பல்கலைக்கழகத்தில் பழைய காஸ்பல் தட்டுகளைத் தேடி எண்ணிம வடிவில் சேமிக்கும் வேலை தொடங்கியது. அவர்கள் தட்டுகளைத் திருப்பிப் போட்டபோது, யாரும் கேட்காத பின்பக்கங்களில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டப் பாட்டுகள் இருந்தன.

அப்புறம், எப்படிக் கேட்பது என்று இடைவேளையில் ஒரு தம்பி கேட்டார். நீங்களே தேடிப் போட்டால் தெரிந்ததைத்தான் தேடுவீர்கள். ஒருவர் தேர்ந்தெடுத்து, கதை சொல்லிப் போடுவதைக் கேளுங்கள். ஸ்டீவ் குஷிங் என்பவர் சிகாகோவிலிருந்து நாற்பது ஆண்டுக்கும் மேலாக 'ப்ளூஸ் பிஃபோர் சன்ரைஸ்' என்ற நிகழ்ச்சியை நடத்தியவர். வாரக்கடைசி நள்ளிரவில் தொடங்கி விடியற்காலைவரை, முழுக்கப் பழைய தட்டுகள். ப்ளூஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ், காஸ்பல் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். அவர் ஒரு டிரம்ஸ் கலைஞர். வயதான பாடகர்களை உட்காரவைத்து மணிக்கணக்காகப் பேட்டி எடுத்தவர். பாட்டு முடிந்ததும் யார் பியானோ, எந்த ஊரில் பதிவு, எந்த வருஷம் என்று நிதானமாகச் சொல்வார். அந்த விவரம் காதில் விழுந்த பிறகு அதே பாட்டு வேறாகக் கேட்கும். அங்கே நள்ளிரவு என்றால் நமக்கு முற்பகல்; சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே கேட்கிற நேரம். நான் அப்படித்தான் கேட்டேன்.

கடைசியாக ஒரு தட்டு. சிஸ்டர் ரொசெட்டா தார்ப். ஆர்கன்சாவில் பிறந்தவர், அம்மாவோடு சபை சபையாகப் பாடி வளர்ந்தவர். 1938-ல் நியூயார்க்கில் காட்டன் கிளப் என்ற இரவு விடுதி மேடையில் பக்திப் பாட்டைப் பாடினார், சபையார் கொதித்துப்போனார்கள். இந்தப் பதிவு 1944. பியானோ சாமி பிரைஸ். கழுத்தில் எலக்ட்ரிக் கிட்டார். வார்த்தை முழுக்க வேதம். அடுத்த ஆண்டு ரேஸ் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. இதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான் ராக் அண்ட் ரோல் என்று ஒன்றை இளைஞர்கள் கண்டுபிடித்ததாக ஊரெல்லாம் பேச்சு.

பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். கிட்டார் நடுவில் தனியாக ஒரு தடவை வரும், அதைத் தவறவிடாதீர்கள். போடுகிறேன்.