சோயா உணவும் தாவர ஈஸ்ட்ரோஜனும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மீல்மேக்கர் சாப்பிட்டால் ஆண்களின் ஆண்மை குறையுமா, மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் சோயாவைத் தொடலாமா என்ற கேள்விகளைப் பலரும் கவலையோடு கேட்கிறார்கள். இந்த அச்சம் வெறுங்கற்பனையில் பிறந்ததன்று. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர் தீவனத்தையே நம்பி மேய்ந்த செம்மறியாடுகள் பெருமளவில் சினைபிடிக்காமல் போயின. அந்தத் தீவனத்தில் இருந்த ஒரு பொருள், ஆட்டின் வயிற்றில் நுண்ணுயிர்களால் ஈக்வால் என்னும் பொருளாக மாறி, பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்ததே அதற்குக் காரணம்.

சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் ஆகியவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்; ஈஸ்ட்ரோஜனை ஒத்த இந்தத் தாவரப் பொருள்களை ஐசோஃபிளேவோன்கள் என்பார்கள். டெய்ட்சீனை ஈக்வாலாக மாற்றும் குடல் நுண்ணுயிர்கள் மனிதர்களில் சிலருக்கு உண்டு, பலருக்கு இல்லை. ஆயினும், பிற தீவனமே இல்லாமல் நாள் முழுவதும் மேய்ந்த ஆட்டையும், வாரத்தில் இரண்டு நாள் குழம்பில் மீல்மேக்கர் சேர்த்து உண்ணும் மனிதரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. மேலும், நம் உடலில் ஈஸ்ட்ரோஜன் வந்து பற்றிக்கொண்டு வேலை செய்யும் இடங்களான ஏற்பிகள் ஆல்பா, பீட்டா என இருவகைப்படும்; உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இரண்டையும் வலுவாகப் பற்றுகிறது, ஐசோஃபிளேவோன்களோ பெரும்பாலும் பீட்டாவையே நாடுகின்றன, அதையும் வலுக்குறைவாகவே தூண்டுகின்றன. ஆகவே சோயாவை ஈஸ்ட்ரோஜன் என்றே எண்ணி ஒதுக்குவது பொருந்தாது.

ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சுமார் 5,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், சோயா உணவை அதிகம் உண்டவர்களிடையே இறப்பும் நோய் மீள்வதும் குறைவாகவே காணப்பட்டன. சோயாதான் அவர்களைக் காத்தது என்று இதைக்கொண்டு சாதிக்க முடியாது; உணவளவில் அது கேடு செய்யும் என்ற வாதம் மட்டும் இதனால் பெரிதும் வலுவிழக்கிறது. ஆண்களிடம் செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனின் அளவு குறைந்ததாகத் தெரியவில்லை.

நன்மையையும் அளந்தே சொல்ல வேண்டும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீரெனப் பரவும் உடற்சூடு ஓரளவு தணியலாம். கெட்ட கொழுப்பு சிறிதே குறையும். சோயா புரதம் இதயத்துக்கு நல்லது என்று விளம்பரப்படுத்த 1999இல் அனுமதித்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே, சான்றுகள் ஒத்துவரவில்லை என்று கூறி அந்த அனுமதியைத் திரும்பப் பெற 2017இல் முன்மொழிந்தது.

எனக்குக் கவலை தருபவை செறிவூட்டிய ஐசோஃபிளேவோன் மாத்திரைகள். சோயா பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு போன்ற உணவுக்குக் கிடைத்த நற்சான்றை அவற்றுக்கும் சேர்த்து எழுதிவிட முடியாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் அவற்றை வாங்கவே கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும்: வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிய கையோடு சோயா பால் குடித்தால் மருந்து உடலில் சேர்வது குறைகிறது, இரண்டுக்கும் இடையே சில மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பிறவியிலேயே தைராய்டு குறைபாடுள்ள குழந்தைக்குச் சோயா பால்மாவு கொடுக்கத் தொடங்கினாலோ, கொடுத்துவந்ததை நிறுத்தினாலோ, உடனே மருத்துவரிடம் தெரிவித்து இரத்தப் பரிசோதனை செய்து, மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.