மஞ்சள் லாட்டுக்குத் தமிழிலேயே டேக் போட்டால் என்ன ஆகும்?

பின்னால் கடகடவென்று கேட்கிறது பாருங்க, அது மஞ்சளுக்குப் பாலீஷ் போடுகிற டிரம். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் மாமாவின் தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்து பேசுகிறேன், அதனால் சத்தத்தைப் பொறுத்துக்குங்க.

மாமாவிடம் லாட் பட்டியல், அதாவது விற்பனைக்குப் பிரித்து வைத்த மஞ்சளின் பட்டியல் ஒன்று எக்ஸ்எம்எல் ஃபைலாக இருக்கிறது, ஒவ்வொரு தகவலையும் டேக் என்கிற பெயர்ச்சீட்டுக்குள் வைத்து எழுதிய ஃபைல் அது. லாட் எண், விரலியா கிழங்கா, எத்தனை மூட்டை, குவிண்டால் விலை, மொத்தம். இதை பிரவுசரில் பார்க்கிற மாதிரி செய்துகொடு என்றார். பலரும் உடனே ஃபிரேம்வொர்க் என்று ஒரு பெரிய ஆயத்த நிரல் தொகுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நான் வேண்டுமென்றே, பக்கத்தின் தோற்றத்தை மட்டும் சொல்கிற சிஎஸ்எஸ்ஸில் இருந்து தொடங்கினேன். வலைப்பக்க மொழியான ஹெச்டிஎம்எல்லில் டேபிள் என்று எழுதினாலே அது எப்படித் தெரிய வேண்டும் என்று பிரவுசருக்குத் தெரியும், ஆனால் எக்ஸ்எம்எல்லில் <லாட்> என்று எழுதினால் அதற்கு ஒன்றுமே தெரியாது. ஃபைலின் தலையில் எக்ஸ்எம்எல்-ஸ்டைல்ஷீட் என்கிற ஒரு வரியைப் போட்டு காலியான சிஎஸ்எஸ் ஃபைலை இணைத்துப் பாருங்கள், எல்லா லாட்டும் ஒரே வரியில் கூழாக ஒட்டிக்கொண்டு வரும். அப்புறம் வெளி டேகுக்கு டிஸ்ப்ளே டேபிள், <லாட்> டேகுக்கு டேபிள்-ரோ, உள்ளே இருப்பதற்கெல்லாம் டேபிள்-செல் என்று மூன்றே விதி, பட்டியல் கட்டம் கட்டி நிற்கும்.

ஆமாம், டேகெல்லாம் தமிழில்தான். 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0-விலேயே டேக் பெயருக்குத் தமிழ் எழுத்து செல்லும், சிஎஸ்எஸ்ஸும் அதை ஏற்றுக்கொள்ளும். இதில் ஒரு லாபமும் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து டேகும் சின்ன எழுத்து டேகும் எக்ஸ்எம்எல்லுக்கு வேறு வேறு, புதிதாகக் கற்கிறவர்கள் அங்கேதான் முதலில் விழுவார்கள். தமிழில் அந்தத் தொல்லையே இல்லையே என்று குஷியாக இருந்தேன்.

ஆனால் பாதி வரியில் மொத்தம் வலப்பக்கம் தடித்த எழுத்தில் வந்தது, மீதிப் பாதியில் எந்த ஸ்டைலும் ஒட்டவில்லை. எல்லாமே <மொத்தம்> டேக்தான், எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டேன், ஒரு வித்தியாசமும் கண்ணில் படவில்லை. ஒரு மதியம் முழுக்கப் போச்சு. கடைசியில் எழுத்துக்குப் பின்னால் இருக்கிற குறியெண்களைப் பிரித்துப் பார்த்தால், 'மொ'வில் வருகிற ஒகரக் குறியை, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 0பிசிஏ என்று ஒரே குறியெண்ணாக எழுதலாம், இல்லையென்றால் எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியெண். திரையில் இரண்டும் ஒன்றுதான், பிரவுசருக்கு வேறு வேறு டேக். பாதிப் பட்டியல், பழைய எழுத்துருவில் தட்டி வைத்திருந்ததை யூனிகோடுக்கு மாற்றிய ஃபைலில் இருந்து வந்திருக்கிறது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இந்தப் பொறி உண்டு, தமிழில் டேக் போடுகிறவர்கள் எழுதி வைத்துக்குங்க.

சரி, பைண்டிங், அதாவது ஃபைலில் இருக்கிற தகவலைப் பக்கத்தோடு இணைப்பது. மாமாவுக்கு விலைப்படி வரிசைப்படுத்த வேண்டுமாம், கூட்டுத்தொகையும் வேண்டுமாம், அதெல்லாம் சிஎஸ்எஸ்ஸின் வேலை இல்லை. 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் டேட்டா ஐலண்டு என்று ஒன்று இருந்தது, ஹெச்டிஎம்எல்லுக்குள்ளேயே எக்ஸ்எம்எல்லைப் பதித்து, டேபிளில் டேட்டாசோர்ஸ் என்றும் கட்டங்களில் டேட்டாஃபீல்டு என்றும் எழுதினால் தானாக நிரம்பும். மற்ற பிரவுசர்கள் அதைச் சீண்டவே இல்லை, எக்ஸ்ப்ளோரரும் 10-இல் கைவிட்டது. எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றுகிற எக்ஸ்எஸ்எல்டி கற்கலாமா என்று கேட்கிறீர்கள், எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் பிரவுசரில் இருந்து அதை எடுக்கப்போவதாக குரோம் 2025-இலேயே சொல்லிவிட்டது, இன்றைக்குப் புதிதாக அதன்மேல் கட்டாதீர்கள்.

ஆகவே பிரவுசருக்குள் ஓடுகிற நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட். ஃபைலை ஃபெட்ச் செய்து, அதாவது எடுத்து வந்து, எக்ஸ்எம்எல்லைப் பிரித்துப் படிக்கிற டாம்பார்சரிடம் கொடுத்து, ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு டேபிள் வரி. மதிப்பைப் போடும்போது வெறும் எழுத்தாகவே காட்டுகிற டெக்ஸ்ட்கன்டென்ட்டில் போடுங்கள், டேகாகப் படிக்கிற இன்னர்ஹெச்டிஎம்எல் வேண்டாம், யாரோ பெயர்க் கட்டத்தில் எழுதியது உங்கள் பக்கத்தில் நிரலாக ஓடிவிடும். எக்ஸ்எம்எல்லில் இருந்து வருவதெல்லாம் வெறும் எழுத்து, எண் இல்லை, அப்படியே வரிசைப்படுத்தினால் 9 மூட்டை 10 மூட்டையை விடப் பெரிதாகிவிடும். விலையில் காற்புள்ளி இருந்தால் அதையும் எடுத்துவிட்டுத்தான் எண்ணாக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு கடைப் பெயரில் & குறி அப்படியே இருந்தது. அதன் பின்னால் ஏஎம்பி போட்டு அரைப்புள்ளி வைத்து எழுதாவிட்டால் மொத்த ஃபைலும் செல்லாது. நேராகத் திறந்தால் ஃபயர்ஃபாக்ஸ் மஞ்சள் திரையில் திட்டும், மஞ்சள் பட்டியலுக்குப் பொருத்தம்தான், ஆனால் டாம்பார்சர் எர்ரர் வீசாது, கமுக்கமாக பார்சர்எர்ரர் என்று ஒரு டேகை உள்ளே வைத்துத் தரும். அது இருக்கிறதா என்று நீங்களாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஒகரத்துக்கு மருந்து ஒரே வரி, பார்சரிடம் கொடுப்பதற்கு முன் எழுத்தை என்எஃப்சி நார்மலைஸ் செய்துவிட்டேன், அதாவது பிரிந்த குறியெண்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், எல்லா மொத்தமும் வந்துவிட்டது. லேப்டாப்பை மாமாவிடம் காட்டினேன், கூட்டுத்தொகையை விரல்விட்டுச் சரிபார்த்தார், அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "எல்லாஞ் சரிதான் கண்ணு, அந்த விரலி வரி மட்டும் இன்னுங் கொஞ்சம் மஞ்சளா இருக்கட்டும்."