ஓடை மேல் ஒரு கடற்கரை

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் வெளுத்து வாங்கிவிட்டுப் போன எதிரணி நண்பருக்கும் வணக்கம். ஊர் மக்களைச் சேர்த்து வைப்பது வசதிகளா, கலையா என்பது கேள்வி. "முதலில் வடிகால், கூரை, கலையெல்லாம் அப்புறம்" என்றார் நண்பர். கைதட்டலும் வாங்கினார். சரி, அவருடைய கூரையிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில், பொம்பேயா பகுதியில் ஒரு பழைய பீப்பாய்த் தொழிற்சாலை. அதை மக்களுக்கான பொழுதுபோக்கு மையமாக்கும் பொறுப்பு 1977இல் லினா போ பார்டி என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது. 1914இல் ரோமில் பிறந்து, 1946இல் பிரேசிலுக்குப் போய் அங்கேயே வேரூன்றியவர். ஓவியம், நாற்காலி, நாடக மேடை, கட்டடம் என எல்லாவற்றிலும் கை வைத்தவர். அந்த அம்மா சனிக்கிழமை போய்ப் பார்த்தால், ஒழுகும் கூரைக்கடியில் பையன்கள் தண்ணீரில் பந்து உதைக்கிறார்கள், தாய்மார்கள் இறைச்சி சுடுகிறார்கள். இந்தக் கொண்டாட்டம் கலையக் கூடாது, தொழிற்சாலையை இடிக்கக் கூடாது என்று முடிவு கட்டினார்.

"அப்போது கலையும் தேவையில்லையே" என்று நண்பர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஐயா, இடிக்காமல் விடுவதற்கே ஒரு கலைக்கண் வேண்டும்! சுவர்ப் பூச்சை உரித்துச் செங்கல்லை வெளியே காட்டினார். கூடத்துத் தரையில் ஆறுபோல் வளைந்து போகும் நீர்த்தடம் அமைத்தார்.

இப்போது வடிகாலுக்கு வருகிறேன். அந்த வளாகத்துக்கு அடியில் மழைநீர் ஓடை போகிறது. அதன் மேல் கட்டடம் எழுப்ப முடியாது. லினா என்ன செய்தார்? ஓடைக்கு இருபுறமும் இரண்டு கான்கிரீட் கோபுரங்களை நிறுத்தி, அந்தரத்தில் நடைபாலங்களால் இணைத்தார். பொறியாளர்கள் இல்லாமல் பாலம் நின்றிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓடையின் மேல் மரப்பலகை விரித்தாரே, அது யாருடைய மூளை? கடல் இல்லாத ஊரில் ஜனங்கள் அதில் படுத்து வெயில் காய்கிறார்கள். அதைக் கடற்கரை என்றே சொல்கிறார்கள்.

இன்னொன்று. அதே நகரின் பாலிஸ்டா சாலையில் 1968இல் திறக்கப்பட்ட கலை அருங்காட்சியகத்தையே தூண்களின் மேல் தூக்கி வைத்தவர் இவர். அடியில் 74 மீட்டர் நீளத்துக்குக் குறுக்கே ஒரு தூண்கூடக் கிடையாது. ஊர்வலம், கச்சேரி, பழம்பொருள் சந்தை எல்லாம் அங்கே நடந்திருக்கின்றன. நண்பரின் கணக்கில் அது வீணாய்ப் போன இடம். அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர், லினாவுக்குப் பதில் தான் இருந்திருந்தால் அந்த இடத்தில் என்ன கட்டியிருப்பார் என்பதை இந்த மேடையிலேயே சொல்லட்டும், நடுவர் அவர்களே.