கார்டிஃப் கூரையில ரெண்டு ஆன்டெனா

வணக்கம் மக்களே. பிரிட்டன்ல வேல்ஸோட தலைநகரம் கார்டிஃப்ல இருந்து பேசுறேன். காத்து இரையுதா? மைக்குக்குப் பஞ்சு மாட்டியிருக்கேன், அப்படியும் இந்த ஊர்க் காத்துக்கு அது பத்தல. பொறுத்துக்கோங்க.

கேமராவ மேல தூக்குறேன். அந்தச் செங்கல் புகைபோக்கி தெரியுதா? அதுல ஒரு பழைய மீன்முள்ளு ஆன்டெனா. இப்போ பக்கத்து வீடு... அங்கயும் ஒண்ணு. ஆனா ரெண்டும் வேற வேற திசை பார்த்து நிக்குது. இது மேற்கால பார்க்குது. அந்தப் பக்கம்தான் டிவி ஒளிபரப்புற வென்வோ டவர், ஊர ஒட்டியே இருக்கு. பக்கத்து வீட்டு ஆன்டெனா தென்கிழக்கால திரும்பியிருக்கு. கடலத் தாண்டி இங்கிலாந்துல இருக்கிற மென்டிப் டவர்தான் அதோட குறி. ஒரே தெரு, ஒரே மழை. இந்த வீட்டுல வேல்ஸ் டிவி, அந்த வீட்டுல பிரிஸ்டல் டிவி.

ஏன் இப்படின்னு தோண்ட ஆரம்பிச்சு ரெண்டு வாரம் தூக்கமில்ல.

முதல்ல மேப்ப மனசுல வச்சுக்கோங்க. தெற்கு வேல்ஸுக்கும் தென்மேற்கு இங்கிலாந்துக்கும் நடுவுல பிரிஸ்டல் கால்வாய். கால்வாய்னு பேரு, உண்மையில கடல்தான். அலைவரிசைக்கு அது தடையே இல்ல, சறுக்கிக்கிட்டுப் போயிடும். 1952 ஆகஸ்ட் 15ல வென்வோவ திறந்தப்போ ஒரே டவர்ல ரெண்டு கரைக்கும் பிபிசி போச்சு. 1958 ஜனவரில டிடபிள்யூடபிள்யூங்கிற தனியார் கம்பெனி வந்தது, அதோட பேரே ‘டெலிவிஷன் வேல்ஸ் அண்ட் தி வெஸ்ட்’. ஆக வேல்ஸோட சொந்த மொழியான வெல்ஷ்ல ஒரு நிகழ்ச்சி போட்டா, இங்கிலாந்துக் கரையில சாமர்செட்ல ஒரு வார்த்தையும் புரியாத இங்கிலீஷ்காரரும் அதைத்தான் பார்க்கணும். அவங்க கத்தினாங்க. வேல்ஸ்காரங்க ‘எங்க மொழிக்கு இவ்வளவுதானா நேரம்’னு கத்தினாங்க. பாவம், அந்த டவரு.

பிபிசி 1964 பிப்ரவரில வேல்ஸுக்குன்னு தனி டிவி சேவை ஆரம்பிச்சுது. தனியார் பக்கம் கதையே வேற. 1962 செப்டம்பர்ல மேற்கு, வடக்கு வேல்ஸுக்குன்னு ‘டெலெடி கம்ரி’ன்னு ஒரு கம்பெனி. கம்ரின்னா வெல்ஷ்ல வேல்ஸ். ஆசை பெருசு, ஆனா ஜனம் நிறைஞ்ச தென்கிழக்கு அவங்க கையில இல்ல. மலையும் ஆடும் இருக்கிற பக்கம்தான் கிடைச்சது. டவருங்களும் தாமதமா வந்துச்சு. விளம்பரக் காசு எங்கிருந்து வரும்? ஒன்றரை வருஷத்துக்குள்ள டிடபிள்யூடபிள்யூ அத முழுங்கிடுச்சு. 1968ல டிடபிள்யூடபிள்யூவும் போய் ஹார்லெக் டெலிவிஷன் வந்தது, பின்னாடி எச்டிவி ஆனது அதுதான். அதுல பங்கு போட்டவங்கள்ல ரிச்சர்ட் பர்ட்டன், எலிசபெத் டெய்லரும் இருந்தாங்க. சினிமாக்காரங்க டிவிக்குப் பணம் போடுறது நமக்கு மட்டுமா வரும்? ஆனா அப்பவும் வேல்ஸும் பிரிஸ்டலும் ஒரே லைசென்ஸ்தான். தனித்தனியா பிரிஞ்சது எப்போ தெரியுமா? 2014 ஜனவரில! 1958ல போட்ட முடிச்சு.

சரி, இத ஏன் சொல்றேன்? நிகழ்ச்சியப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. ரெண்டு நிகழ்ச்சிக்கு நடுவுல வர்ற அந்தப் பத்து செகண்டப் பத்தி யாரும் பேசறதில்ல. சானல் சின்னம், பேரு, ‘அடுத்து வருவது’ன்னு ஒரு குரல். அந்தக் குரல் ஊர்ப் பேர எப்படி உச்சரிக்குது? கம்ரின்னு சொல்லுதா, வேல்ஸ்னு சொல்லுதா? லண்டன்ல இருந்து ஒரு குரல் ‘இப்போ உங்க பகுதிச் செய்திகள்’னு சொன்னா, கேக்கறவன் மனசுல என்ன ஓடும்? பகுதியா நாங்க? வேல்ஸ்காரங்க தங்களோடத நாடுன்னு சொல்றவங்க. பிபிசி ஒன் வேல்ஸ்ல அந்த இடைக்குரல் கார்டிஃப்ல இருந்து வருது. திரையில ‘வேல்ஸ்’னு எழுதி வருது. சின்ன விஷயம்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

இப்போ பெரிய சண்டைக்கு வர்றேன். எழுபதுகள்ல பிரிட்டனுக்கு நாலாவது சானல் வரப்போகுதுன்னதும், வேல்ஸ்ல அது வெல்ஷ் மொழிக்குத்தான்னு கேட்டாங்க. வேடிக்கை என்னன்னா இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்ச வேல்ஸ்காரங்கள்ல பலருக்கும் அது சம்மதம். வெல்ஷ் எல்லாம் ஒரே சானலுக்குப் போயிட்டா, தாங்க பார்க்கிற சானல்ல நடுவுல குறுக்கே வராதுல்ல! காரணம் எதிரெதிர், கோரிக்கை ஒண்ணு.

1979 தேர்தல் அறிக்கையில கன்சர்வேடிவ் கட்சி ‘தர்றோம்’னு சொன்னாங்க. ஜெயிச்சதும் பின்வாங்கினாங்க. அத எதிர்த்து அதே வருஷம் அக்டோபர்ல மூணு பெரிய மனுஷங்க ராத்திரில பென்கரெக் டிவி டவருக்குள்ள புகுந்து சுவிட்ச ஆஃப் பண்ணிட்டாங்க. அதுல ஒருத்தர் மெரெடித் எவன்ஸ். பிபிசி வேல்ஸ்லயே பொழுதுபோக்குப் பிரிவுக்குத் தலைவரா இருந்தவர்! இத நான் ரெண்டு தடவ படிச்சேன்.

அடுத்து க்வின்ஃபோர் எவன்ஸ். வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியோட முதல் எம்பி. 1980 மே மாசம் அறிவிச்சாரு, அக்டோபர் 6ல இருந்து சாகும்வரை உண்ணாவிரதம்னு. அறுபத்தெட்டு வயசை நெருங்கிட்டு இருந்தவரு. ஒரு டிவி சானலுக்காகவான்னு கேக்கலாம். மொழிக்காகன்னு வச்சுப் பாருங்க, நம்ம ஆளுங்களுக்குத் தனியா விளக்க வேண்டியதில்ல. செப்டம்பர் 17ல பிரதமர் தாட்சரோட கன்சர்வேடிவ் அரசாங்கம் இறங்கி வந்துச்சு. பட்டினி தொடங்கவே இல்ல.

1982 நவம்பர் 1ல வெல்ஷ் சானல் வந்தது, பேரு எஸ்4சி. விரிச்சா ‘ஷானெல் பெட்வார் கம்ரி’, வேல்ஸோட நாலாவது சானல். லண்டனோட சானல் 4 அடுத்த நாள்தான் ஆரம்பிச்சுது. ஒரு நாள் முந்திட்டாங்க! அதுல இவங்களுக்கு இருக்கிற பெருமை இருக்கே...

ஆனா இதுக்குப் பக்கவிளைவு உண்டு. வேல்ஸ்ல சானல் 4க்குப் பதிலா எஸ்4சிதான், அதுல முக்கிய நேரமெல்லாம் வெல்ஷ். சானல் 4 நிகழ்ச்சிகள் வேற நேரத்துக்கு, பலது நடுராத்திரிக்குப் போச்சு. இங்க கார்டிஃப்ல வெல்ஷ் தெரியாதவங்க என்ன செஞ்சாங்க? ஏணி போட்டு ஏறி ஆன்டெனாவ மென்டிப் பக்கம் திருப்பினாங்க. நேரா, முழு சானல் 4. கூடவே செய்தியும் வானிலையும் பிரிஸ்டலுக்கு ஆனது. கார்டிஃப்ல உக்காந்து, பக்கத்துத் தெரு தீ விபத்து தெரியாம, கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு மேயர் பேசறதப் பார்க்கிறது. திருப்பினது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா ஊரப் பத்தின பேச்சே வீட்டுக்குள்ள வராமப் போறது சாதாரண இழப்பில்ல.

2010 மார்ச் 31ல அனலாக் நின்னுச்சு. டிஜிட்டல்ல ரெண்டுமே கிடைக்குது. வேல்ஸ்ல ஃப்ரீவ்யூங்கிற இலவச டிஜிட்டல் டிவியில நாலாம் நம்பர் எஸ்4சிக்குத்தான், சானல் 4 கொஞ்சம் தள்ளி. அந்த நம்பருக்குக்கூட ஒரு அர்த்தம் இருக்குன்னு இப்போ புரியுது எனக்கு.

அந்த மென்டிப் ஆன்டெனா வீட்டுத் தாத்தாகிட்ட கேட்டேன், எப்போ திருப்பினீங்கன்னு. ‘எங்கப்பா திருப்பினது’ன்னாரு. இப்பவும் அதுலதான் பார்க்கிறீங்களா? இல்லையாம். எல்லாம் இன்டர்நெட்லதான், ஒயரையே எப்பவோ வெட்டியாச்சாம். அப்புறம் ஏன் இறக்கலன்னா, யாரு ஏறறதுங்கிறாரு.

இருங்க, மேல ஒரு கடல்புறா வந்து உக்காந்திருக்கு. ஜூம் பண்றேன்... பாருங்க, அது வென்வோவப் பார்த்து உக்காந்திருக்கு. மழை வேற வலுக்குது, நான் உள்ள போறேன். நோஸ் டா, அதாவது வெல்ஷ்ல குட் நைட்.