ஹோர்ஸ் எக்ஸ்போ எண்டா என்ன? கொழும்பில ஒண்டு ஏன் வேணும்?

வணக்கம் மக்களே. இண்டைக்கு ஹோர்ஸ் எக்ஸ்போ, அதாவது குதிரைக் கண்காட்சியப் பத்தி கதைக்கப் போறம். கொழும்பில இருந்துகொண்டு என்ன குதிரை எண்டு நினைப்பீங்கள், ஆனா கறுவாத்தோட்டத்தில ரேஸ்கோர்ஸ் எண்டு சொல்லி கோப்பி குடிக்கப் போறமே, ரக்பி பாக்கப் போறமே, அந்த இடத்தில 1893ல இருந்து உண்மையாவே குதிரை ஓடினது. அதுக்கு முன்னால கோல்பேஸ்ல ஓடினது. 1942ல ஜப்பான்காரன் குண்டு போட வந்த நேரம் அந்த ரேஸ்கோர்ஸ விமான ஓடுபாதையாக்கி அங்கயிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழும்பினதும் நடந்திருக்கு. 1950கள்ல கொழும்பில ரேஸ் நிண்டுபோச்சு, பேர் மட்டும் மிச்சம்.

ஆனா குதிரை நிண்டுபோகேல்ல, அதான் விஷயம். பொலிஸ் குதிரைப் படை இருக்கு, கொழும்பிலயும் சுத்துவட்டாரத்திலயும் ரைடிங் பழக்கிற இடங்கள் இருக்கு, நுவரெலியாவில ஏப்ரல் சீசனுக்கு இப்பவும் ரேஸ் நடக்குது, கிரகரி வாவிப் பக்கம் போனா மட்டக்குதிரைய பிடிச்சுக்கொண்டு பிள்ளையள ஏத்திச் சுத்தக் காட்டுற பெடியள் நிப்பினம். வடக்கில நெடுந்தீவில காட்டுக்குதிரையள், மன்னார் டவுனிலயும் கற்பிட்டிப் பக்கமும் கழுதையள். கழுதையும் குதிரைக் குடும்பம்தான், அதனால இந்த வீடியோவில அதையும் சேத்துத்தான் சொல்லப்போறன்.

[திரையில: இலங்கை வரைபடம், ஒவ்வொரு இடத்திலயும் ஒரு புள்ளி]

இந்த வரைபடத்த கொஞ்சம் வடிவா பாருங்கோ. இந்தப் புள்ளியில இருக்கிறவைக்கு அந்தப் புள்ளியில இருக்கிறவைய தெரியாது. நுவரெலியாவில குதிரைக்கு வயித்துக்குத்து வந்தா ஆரக் கூப்பிடுறது எண்டது கொழும்பில ரைடிங் ஸ்கூல் வச்சிருக்கிறவருக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கண்டதே இல்ல. ஹோர்ஸ் எக்ஸ்போ எண்டது இந்தப் புள்ளியள ஒரே இடத்துக்கு கூட்டிக்கொண்டு வாற வேலை.

சரி, வெளியில இது எப்பிடி நடக்குது எண்டு பாப்பம். ஜெர்மனியில எஸ்ஸன் எண்ட நகரத்தில எக்விடானா எண்டு ஒண்டு, 1972ல தொடங்கினது, உலகத்திலயே பெரிய குதிரைக் கண்காட்சியள்ல ஒண்டு. அமெரிக்காவில மாநிலத்துக்கு மாநிலம் இருக்கு. மினசோட்டாவில நடக்கிறத நான் உதாரணமா எடுக்கிறன், ஏனெண்டா அத நடத்துறது ஒரு கம்பனி இல்ல, அந்த மாநிலத்துக் குதிரைக்காரர் சேந்து வச்சிருக்கிற லாபநோக்கில்லாத கவுன்சில். ஏப்ரல் மாசம் செயிண்ட் போல் நகரத்துப் பக்கம், அங்கத்த மாநிலப் பொருட்காட்சி மைதானத்தில நடக்கும். வாற காசு திரும்பவும் குதிரைக்காரருக்கே போகுது, உதவித்தொகை அது இது எண்டு.

இப்பிடிப்பட்ட இடங்களுக்குள்ள போனா என்ன இருக்கும்? ஒரு பக்கம் மைதானத்தில ஒவ்வொரு இனக் குதிரையையும் ஓட்டிக் காட்டுவினம், சனம் கை தட்டும், அது ஒரு கண்கொள்ளாக் காட்சிதான். ஆனா என்னைக் கேட்டா உண்மையான எக்ஸ்போ நடக்கிறது அந்த மைதானத்தில இல்ல, அதுக்குப் பின்னால இருக்கிற மண்டபத்தில. லாடம் அடிக்கிறவர் ஒரு மேசை போட்டு குளம்ப வெட்டிக் காட்டுறார், பக்கத்தில மிருக வைத்தியர் பல்லு ராவுறது எப்பிடி எண்டு சொல்லுறார், அங்கால பழைய சேணம் கடிவாளம் அரைவிலைக்கு விக்கினம், புல்லு விக்கிறவர் தன்ர போன் நம்பர் எழுதிக் குடுக்கிறார், வீடில்லாத குதிரையள எடுத்து வளக்கிற அமைப்புகள் படம் வச்சுக்கொண்டு நிக்கினம். கொழும்பு பீஎம்ஐசிஎச் மண்டபத்தில செப்டெம்பர்ல புத்தகக் கண்காட்சி நடக்கேக்க பதிப்பகக்காரரும் வாசிக்கிறவையும் நேர கண்டு கதைக்கினமே, அந்த மாதிரி.

இன்னொண்டு, குதிரையள கூட்டிக்கொண்டு வாறவைக்கு அங்க கடுமையான கட்டுப்பாடு இருக்கு. கோகின்ஸ் டெஸ்ட் எண்டு ஒரு ரத்தப் பரிசோதனை, குதிரைக்கு வாற ஒரு தொற்று ரத்தசோகைய கண்டுபிடிக்கிறது, அந்த ரிப்போட் இல்லாம அமெரிக்காவில பொதுவா இப்பிடியான இடத்துக்குள்ள குதிரைய ஏத்தவே மாட்டினம். தண்ணி வாளியக் கூட மற்றக் குதிரையோட பங்கு போடக் கூடாது எண்டு சொல்லுவினம். பல ஊர் மிருகங்கள் ஒரே இடத்தில சேந்தா நோயும் சேரும், அத மறக்கக் கூடாது.

இதெல்லாம் வெள்ளைக்காரன்ர விளையாட்டு எண்டு நினைக்கிறவைக்கு அந்தியூரச் சொல்லோணும். தமிழ்நாட்டில ஈரோடு மாவட்டம், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழா, அங்க குதிரைச் சந்தை கூடும். மார்வாரி, காத்தியவாரி எண்டு வடக்கத்தியக் குதிரையள், காது ரெண்டும் உள்ளுக்கு வளைஞ்சு நுனி முட்டுற மாதிரி நிக்கும், கொட்டு மேளத்துக்கு கால் தூக்கி ஆடுற குதிரையளும் வரும். வாங்க வாறவை முதல்ல சுழி பாப்பினம், நெத்தியில எங்க சுழி, கழுத்தில எங்க சுழி எண்டு. எனக்கு இதில ஒரு அபிப்பிராயம் இருக்கு: சுழி பாக்கிறது பெரியாக்கள்ர நம்பிக்கை, இருக்கட்டும், ஆனா அந்த அளவு கவனத்தோட நாலு குளம்பையும் தூக்கிப் பாத்தா வாங்கின குதிரை கனகாலம் நல்லா இருக்கும்.

இந்த இடத்தில ஒரு பழைய கதை. பதின்மூண்டாம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தவர். அவர் எழுதியிருக்கிறார், இங்கத்த ராஜாக்கள் வருசா வருசம் ஆயிரக்கணக்கில அரபிக் குதிரை வாங்குகினமாம், வருசக் கடைசியில பாத்தா அதில கொஞ்சம்தான் உயிரோட நிக்குமாம். காரணம் என்ன தெரியுமா, குதிரைய பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல, லாடக்காரர் இல்ல, சோறும் இறைச்சியும் அவிச்சுக் குடுக்கினமாம். குதிரை விக்கிற வியாபாரிகள் வைத்தியம் தெரிஞ்ச ஆக்கள கூட்டிக்கொண்டு வரவும் மாட்டினமாம், செத்தாத்தானே அடுத்த வருசமும் விக்கலாம். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும், அந்தக் காலத்தில குதிரைக்கு எவ்வளவு பொன் கொட்டினாங்கள் எண்டு அதிலயே விளங்கும். பொன் இருந்தது, குதிரை இருந்தது, குதிரை தெரிஞ்ச ஆள் இல்ல, அதால அவ்வளவு உயிரும் போச்சு. எக்ஸ்போ எதுக்கு எண்டு ஆரும் கேட்டா நான் இதத்தான் சொல்லுவன்.

[திரையில: குளம்பின் அடிப்பக்கம், கிட்டப் பிடிச்ச படம்]

இப்ப கொஞ்சம் கிட்டப் போய் பாப்பம். இது குதிரைக் குளம்பின்ர அடி. நடுவில முக்கோணமா, றப்பர் மாதிரி கொஞ்சம் மெத்தெண்டு இருக்கிற பகுதி தெரியுதா, குதிரை காலை ஊண்டுற ஒவ்வொரு தரமும் அதிர்ச்சியத் தாங்கிறதில அதுக்கும் பங்கு இருக்கு. அதுக்கு ரெண்டு பக்கமும் பள்ளம் ஓடுது. கொழும்பு மாதிரி மழையும் ஈரமும் உள்ள இடத்தில லாயம் ஈரமா கிடந்தா, சாணியும் மூத்திரமும் அள்ளாம விட்டா, அந்தப் பள்ளத்துக்குள்ள கறுப்பா ஒண்டு கசியத் தொடங்கும், மணம் மூக்கில அடிச்சா மறக்கேலாது, அழுகல் நாத்தம். விட்டுக்கொண்டே போனா குதிரை நொண்டும். இதுக்கு பெரிய மருந்து தேவையில்ல, தொடக்கத்திலயே கண்டா ஒவ்வொரு நாளும் குளம்ப சுரண்டித் துப்புரவாக்கி, நிக்கிற இடத்த காய வச்சாலே பாதிப் பிரச்சினை போகும். குளம்பு எங்கட நகம் மாதிரி வளந்துகொண்டே இருக்கும், ஆறில இருந்து எட்டுக் கிழமைக்கு ஒருக்கா வெட்டோணும். இத ஒருத்தர் கையால செய்து காட்டினா பத்து நிமிசத்தில விளங்கும், எழுதினத வாசிச்சு விளங்கப் பத்து நாளும் போதாது.

அடுத்தது தையல்கார டேப். இத நான் சரியான விருப்பத்தோட சொல்லுறன், ஏனெண்டா லட்சக்கணக்கில விலை போற தராசு தேவையில்ல. முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சச் சுத்தி அளவெடுங்கோ, சென்ரிமீற்றர்ல. பிறகு தோள் முனையில இருந்து பின்பக்க முனை வரைக்கும் நீளம். சுற்றளவ சுற்றளவால பெருக்கி, அத நீளத்தால பெருக்கி, 11,877ஆல பிரிச்சா கிட்டத்தட்ட கிலோவில நிறை வரும். நெஞ்சு 140, நீளம் 125 எண்டா ஏறக்குறைய 206 கிலோ. வளந்த குதிரைக்குத்தான் இந்தக் கணக்கு, கழுதைக்கு வேற கணக்கு.

இந்த நிறை எதுக்கு? வயித்துப் பூச்சிக்குக் குடுக்கிற மருந்துக்கு. கண்மட்டத்துக்கு மருந்து குறைச்சுக் குடுத்தா பூச்சி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அடுத்த முறை மருந்தே வேலை செய்யாது. சாப்பாட்டுக்கும் இது வேணும், நிறையில நூற்றுக்கு ஒண்டரையில இருந்து ரெண்டு வீதம் காய்ஞ்ச புல்லுக் கணக்கு ஒரு நாளைக்கு, அப்ப அந்த 206 கிலோ குதிரைக்கு மூண்டு நாலு கிலோ. அதையும் கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்கக் குடுக்கோணும். குதிரைக்கு வாந்தி எடுக்கேலாது, தெரியுமோ? உள்ள போனது போனதுதான், பிழையான சாப்பாடு போனா வயித்துக்குத்து வந்து நிலத்தில உருளும், வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்கும், சாணி போடாது. அத கண்ட உடன மிருக வைத்தியரக் கூப்பிடோணும், விடியட்டும் பாப்பம் எண்டு இருக்கவே கூடாது. அதால நுவரெலியாவுக்கு சுத்துலா போறாக்கள், பாவம் எண்டு நினைச்சு பாணும் கேக்கும் குடுக்காதேங்கோ, தயவுசெய்து.

இப்ப நெடுந்தீவுக்கு வருவம். குறிகட்டுவானில படகு ஏறிப் போனவைக்குத் தெரியும், பவளக்கல்லு மதில், பெருக்கு மரம், ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின்ர தூணுகள். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த குதிரையள்ர சந்ததிதான் இப்ப வெளியில மேய்ஞ்சு திரியுது எண்டு சொல்லுவினம். 2015ல தீவின்ர ஒரு பகுதிய தேசிய பூங்காவா அறிவிச்சாச்சு. ஆனா கோடையில தண்ணி இல்ல, வறட்சி காலத்தில செத்துப்போற குதிரையள்ர படத்த நீங்களும் பேஸ்புக்கில கண்டிருப்பீங்கள். எக்ஸ்போ எண்ட உடன சிலபேர் அந்தக் குதிரையள கொழும்புக்கு கொண்டுவந்து காட்டுவம் எண்டு சொல்லுவினம், அது வேண்டவே வேண்டாம். மனுசர்ர கை படாம வளந்த மிருகத்த படகில ஏத்தி லொறியில ஏத்தி இரைச்சலுக்கு நடுவில நிப்பாட்டுறது பாவம். நெடுந்தீவில இருந்து வரவேண்டியது அங்கத்த ஆக்கள், எந்தக் கேணி எந்த மாசம் வத்தும் எண்டு தெரிஞ்சவை. அவை மேடையில நிண்டு கதைக்கோணும், கொழும்பில காசுள்ளவை முன்னால இருந்து கேக்கோணும், தண்ணித் தொட்டி எங்க கட்டுறது எண்டு அவை சொல்லட்டும்.

மன்னார்க் கழுதையளும் அப்பிடித்தான். அங்க கழுதையளுக்கு எண்டே ஒரு சிகிச்சை நிலையம் நடத்தின ஆக்கள் இருக்கினம், ரோட்டில அடிபட்டது, பொலித்தீன் திண்டது எண்டு கொண்டுவருவினம். கழுதைக்கு நோ இருந்தாலும் வெளியில காட்டாது, குதிரை மாதிரி உருண்டு பிரளாது, சும்மா தலையக் குனிஞ்சு நிக்கும், சாப்பிடாம நிண்டாலே அவசரம் எண்டு எடுக்கோணும். இந்த அனுபவம் இலங்கையில கொஞ்சப் பேரிட்டத்தான் இருக்கு. மிருக வைத்திய பீடம் முழு நாட்டுக்கும் பேராதனையில ஒண்டுதான், அங்க படிக்கிற பிள்ளையளுக்கு மாடும் நாயும் கையில கிடைக்கிற அளவுக்கு குதிரையும் கழுதையும் கிடைக்க வாய்ப்பு குறைவு. ஒரு எக்ஸ்போவில இருபது மாணவர் வந்து ஒரு நாள் முழுக்க குதிரைப் பல்லப் பாத்து, தாடைக்குக் கீழ நாடி பிடிச்சு, சும்மா நிக்கிற குதிரைக்கு நிமிசத்துக்கு 28ல இருந்து 44 வரைக்கும் துடிக்கும் எண்டத விரலால உணர்ந்தா, அது எவ்வளவு பெரிய விஷயம்.

அப்ப கொழும்பில எப்பிடிச் செய்யலாம்? என்ர எண்ணத்தில முதல் தரம் பெரிசா ஒண்டும் வேண்டாம். நல்லாப் பழகின, ஊசி போட்ட நாலஞ்சு குதிரை போதும், ஏர்ப்புவலி ஊசி கட்டாயம், குதிரைக்கு அது லேசில வாற நோய். வெயில் ஏற முதல் காலம வச்சு முடிக்கோணும், இங்கத்த புழுக்கத்தில வேர்க்கிறதே நிண்டுபோற குதிரையள் இருக்கு, அது ஆபத்து. தமிழ், சிங்களம் ரெண்டிலயும் நடக்கோணும், ஏனெண்டா லாயத்தில சாணி அள்ளுறவர், குதிரைய பிடிச்சுக்கொண்டு நடக்கிறவர் இவைதான் முன்வரிசையில இருக்கோணும், இங்கிலீசில மட்டும் நடத்தினா குதிரை வச்சிருக்கிற பணக்காரர் நாலுபேர் கூடிக் கலையிற இடமா முடியும்.

திகதியும் முக்கியம். ஏப்ரல்ல வைக்கவே கூடாது, நுவரெலியாக்காரருக்கு வருசத்தில கூடுதலா உழைக்கிற மாசம் அது. சனி ஞாயிறும் வேண்டாம், மட்டக்குதிரை வச்சிருக்கிற பெடியளுக்கு அந்த ரெண்டு நாள் வருமானத்திலதான் குதிரையின்ர கிழமைத் தீனியே போகுது. செவ்வாயோ புதனோ வச்சு, பஸ் காசும் அண்டைய நாள் கூலியும் வாசல்லயே அவையின்ர கையில குடுக்கோணும். ஸ்பொன்சர் தேடுறாக்கள் மேடைக்கும் லைட்டுக்கும் தேட முதல் இந்தக் காச தேடுங்கோ. நுவரெலியாவில, மன்னார்ல, நெடுந்தீவில குதிரை கழுதையோட வேலை செய்யிற ஆக்கள உங்களுக்குத் தெரியும் எண்டா இந்த வீடியோவ அவைக்கு அனுப்பி, அவைக்கு எந்த மாசம் தோதுப்படும் எண்டு கேட்டு கீழ எழுதுங்கோ.