புதிய கேடயப்பூச்சி இனமொன்றை எவ்வாறு உறுதிசெய்கிறார்கள்?

[காட்சி: வலிகாமத்துச் செம்மண் தோட்டம். பயற்றங்காயின் மீது பச்சைக் கேடயப்பூச்சி ஒன்று.]

மாரிமழை ஓய்ந்து, பயற்றையும் கத்தரியும் தக்காளியும் காய்க்கத் தொடங்கும் நாட்களில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் எவரும் இந்தப் பூச்சியைக் கண்டிருப்பார். தொட்டால் கடும் நாற்றத்தை வெளிவிடும் இதன் முதுகின் நடுவே முக்கோண வடிவத் தகடு ஒன்று உண்டு. பெண்டாடோமிடே என்னும் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 5000 இனங்கள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. அவற்றுள் எதனோடும் பொருந்தாத ஒன்று நமது வேலியோரத்திலோ தீவுகளின் பற்றைக்காட்டிலோ அகப்பட்டால், அது புதிய இனம் என்பதை எவ்வாறு நிறுவுவது? அதுவே இந்தக் காணொளியின் பொருள்.

[காட்சி: காட்டாமணக்குச் செடியில் மினுங்கும் பச்சைப் பூச்சி. பின்னர் அதே பூச்சி, வயிற்றுப்புறமாக.]

முதலில் குடும்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். காட்டாமணக்கில் உலோகம் போல மினுங்கும் பூச்சியைப் பலர் வண்டு என்றே எண்ணுவர். அதைப் புரட்டிப் பார்த்தால், கடிக்கும் தாடைகளுக்குப் பதிலாகத் தலையின் கீழிருந்து கால்களுக்கு நடுவே பின்னோக்கி மடிந்து கிடக்கும் உறிஞ்சுகுழல் தெரியும். ஆகவே அது வண்டன்று. அதன் முதுகுத்தகடு வயிறு முழுவதையும் மூடிவிடுவதால், அது ஸ்கூட்டெல்லெரிடே என்னும் அயற்குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தப் படியில் அதிகநேரம் செல்வதில்லை.

நிறத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமது தோட்டங்களில் காணப்படும் பச்சைப் பூச்சியான நெஸாரா விரிடுலாவுக்கு 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்டார். 1775இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ், உடல் முழுதும் பச்சையானதை ஓர் இனமாகவும், தலையிலும் கழுத்துப்பகுதியிலும் வெளிறிய பட்டை கொண்டதை வேறோர் இனமாகவும் பெயரிட்டார். இன்று இவை யாவும் ஒரே இனத்தின் நிறவேறுபாடுகள் என்பது தெளிவு. குளிர்நாடுகளில் உறங்குநிலைக்குச் செல்லும்போது அதே பூச்சி செம்பழுப்பாக மாறிவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஐந்து பருவங்களைக் கடந்தே முதிர்ச்சி அடைகிறது. புள்ளிகளும் கோடுகளுமாக இருக்கும் அந்த இளம்பருவங்களுக்கும் முதிர்ந்த பூச்சிக்கும் நிறத்தில் ஒற்றுமை மிகக் குறைவு. ஆகவே, "இப்படி ஒரு நிறத்தை நான் கண்டதேயில்லை" என்பது தேடலைத் தொடங்கப் போதுமான காரணம். ஆனால் அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

[காட்சி: நுணுக்குக்காட்டியின் கீழ் ஆண் பூச்சியின் வயிற்று நுனி.]

உருவத்தால் நெருங்கிய இனங்களைப் பிரித்தறிவதற்கு, பெரும்பாலும் ஆணின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறையையே ஆய்வாளர்கள் நம்புகிறார்கள். உலர்ந்த மாதிரியை மென்மையாக்கி, அந்த உறையை மட்டும் நுண்ணிடுக்கியால் பிரித்தெடுத்து, சுமார் 10 வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டுத் தசைகளைக் கரைத்துவிட்டால், கடினமான பகுதிகள் மட்டும் எஞ்சும். பின்னர் கிளிசரீனில் மிதக்கவிட்டுப் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்க்கும்போது, உறையின் விளிம்பு எங்கே வளைகிறது, எங்கே பிளவுபடுகிறது, உள்ளிருக்கும் இரு கொக்கிகளின் நுனி கூரா மழுங்கலா என்பன தெரியவரும். வெளித்தோற்றத்தில் இரட்டையரெனத் தோன்றும் இரண்டு பூச்சிகள் இந்த இடத்தில் ஐயமின்றிப் பிரிந்துவிடுவதுண்டு. வேலை முடிந்ததும் உறையைச் சிறு குப்பியில் இட்டு, அதே பூச்சி குத்தப்பட்டிருக்கும் ஊசியிலேயே கோத்துவைக்க வேண்டும். இரண்டும் பிரிந்துவிட்டால் மாதிரியின் மதிப்பு பெரிதும் குறைந்துவிடும்.

அந்த ஊசிக்கும் ஒரு முறை உண்டு. அது முதுகுத்தகட்டின் வலப்பாதியினூடாகவே செல்ல வேண்டும். அப்போதுதான் இடப்பாதி சிதையாமல் இருக்கும். கீழே தொங்கும் சீட்டில் இடம், நாள், சேகரித்தவர், எந்தச் செடியில் இருந்தது என்பன எழுதப்படும். செடியின் பெயரை எழுதாமல் விடுவதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

அடுத்து ஒப்பீடு. பிரித்தானிய இந்தியாவோடு இலங்கையையும் சேர்த்து டபிள்யூ. எல். டிஸ்டன்ட் எழுதி 1902இல் வெளிவந்த தொகுதி, நமது பகுதிக் கேடயப்பூச்சிகளுக்கு இன்றும் தொடக்கநூலாக இருக்கிறது. ஆயினும் அதன் குறுகிய விவரணைகளை மட்டும் நம்பி முடிவுக்கு வர இயலாது. பெயருக்கு ஆதாரமான மூலமாதிரிகளையே பார்க்க வேண்டும். அவற்றுட் பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே செல்வது எல்லோருக்கும் கைகூடுவதன்று என்பதால், தெளிவான ஒளிப்படங்களைக் கேட்டுப் பெறுவதே நடைமுறை. டி.என்.ஏ. ஒப்பீடு துணைசெய்யும், ஆனால் ஒப்பிடுவதற்கு உறவினங்களின் டி.என்.ஏ. வரிசைகளும் கையில் இருக்க வேண்டும்.

[காட்சி: அளவுகோலுடன் பூச்சியின் வரைபடம், அம்புக்குறிகள்.]

இவ்வளவுக்கும் பிறகே விவரணை எழுதப்படுகிறது. உடல்நீளம், உணர்கொம்பின் ஐந்து கணுக்களின் நீள விகிதம், தோள்முனையின் கூர்மை, உறிஞ்சுகுழல் எந்தக் காலின் அடிப்பகுதிவரை எட்டுகிறது, நாற்றச்சுரப்பித் துவாரத்தின் அருகிலுள்ள பள்ளத்தின் வடிவம் ஆகியவை ஒழுங்காகப் பதியப்படும். இவற்றைவிட முக்கியமானது, மிக நெருங்கிய இனத்திலிருந்து இது எதனால் வேறுபடுகிறது என்று சொல்லும் பந்தி. பத்துப் பக்கம் அளவீடுகளை நிரப்பி அந்தப் பந்தியைத் தவிர்த்துவிட்டால், அடுத்து வருபவரால் அந்தப் பூச்சியை அடையாளம் காணவே முடியாது.

பெயரிடலுக்கு அனைத்துலக விலங்கியற் பெயரீட்டு விதிகள் உண்டு. பெயர் இலத்தீன் எழுத்தில் இரு சொற்களாக அமைய வேண்டும். 1999ஆம் ஆண்டுக்குப் பின்னர் வெளியிடப்படும் இனமொன்றுக்கு, ஒரு தனிப் பூச்சியையோ சில பூச்சிகளையோ மூலமாதிரியாக வெளிப்படையாகக் குறித்து, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதையும் எழுதியாக வேண்டும். யாழ்ப்பாணத்துப் பூச்சியின் மூலமாதிரி இலங்கையிலேயே, ஆய்வுக்குத் திறந்திருக்கும் சேகரிப்பொன்றில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனைய மாதிரிகளை வெளிநாட்டு அருங்காட்சியகங்களோடு பகிரலாம், அதற்குரிய அனுமதியைப் பெற்றே அனுப்ப வேண்டும். இணையத்தில் மட்டும் வெளிவரும் கட்டுரையாயின், விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் இணையப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, அந்தப் பதிவு குறித்த சான்றைக் கட்டுரையிலேயே தர வேண்டும். அது இல்லாவிடில், எவ்வளவு நுணுக்கமான ஆய்வாயினும் அந்தப் பெயர் விதிகளின்படி செல்லாது.